கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

நியூ ஹேவனுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த புத்திமதிகள் இரண்டு வகை. ஒன்று சமையலுக்கு: புளியும் உளுந்தும் எங்கே வாங்கலாம், எந்தக் கடையில் கறிவேப்பிலை வாடாமல் இருக்கும். இன்னொன்று எந்தத் தெருவோடு நின்றுவிட வேண்டும் என்பது. “அக்கா, டிக்ஸ்வெல் அவென்யூ பக்கம் மட்டும் போயிடாதீங்க.” “ஹில் ஏரியாவுல இருட்டினப்புறம் நடக்கவே நடக்காதீங்க.” “நியூஹால்வில்லா? அங்க நமக்கு என்ன வேலை?” சொன்னவர்கள் எல்லாரும் அன்பானவர்கள். கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், கார் ஓட்டத் தெரியாது என்ற அக்கறையில் சொன்னார்கள். அவர்கள் வந்தபோது அவர்களுக்கும் யாரோ இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

என் கணவருக்கு யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. எனக்கு வேலைக்குப் போக அனுமதியில்லாத விசா. பகல் முழுவதும் நேரம் இருந்தது, பஸ் பாஸ் இருந்தது, குழந்தையை உட்காரவைத்துத் தள்ள ஒரு வண்டி இருந்தது. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவளால் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை. நடந்தேன். நடந்தபோது பார்த்ததையும், ஏன் இப்படி இருக்கிறது என்று தேடி நூலகத்தில் படித்ததையும், தெருவில் பேசக் கிடைத்தவர்கள் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த ஊருக்கு வருஷாவருஷம் நம்மூர்ப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். வரும்போதே அவர்கள் கையில் ஒரு பயத்தைக் கொடுத்து அனுப்புகிறோம். அதோடு கொஞ்சம் வரலாற்றையும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 1638-ல் இங்கே குடியேறிய ப்யூரிட்டன்கள் ஊரை ஒன்பது சதுரங்களாக வகுத்தார்கள். நடுச் சதுரம் இன்றும் திறந்த புல்வெளி. கிரீன் என்று பெயர். அதை ஒட்டி யேலின் பழைய வளாகம். கருங்கல் கோபுரங்கள், வளைவு வாசல்கள், உள்முற்றங்கள். அங்கிருந்து பிராட்வே என்ற கடைவீதிக்கு ஐந்து நிமிட நடை. பளபளப்பான கடைகள், காபி, புத்தகம், விலை உயர்ந்த உடைகள். அந்தக் கடைவீதி முடிகிற முனையிலேயே டிக்ஸ்வெல் அவென்யூ தொடங்குகிறது. நடுவில் ஆறு இல்லை, மலை இல்லை, ரயில் பாதை இல்லை. ஒரு சிக்னலைக் கடந்தால் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. குரோவ் தெருவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தைச் செய்த ஈலை விட்னி, அமெரிக்க ஆங்கிலத்துக்கு அகராதி எழுதிய நோவா வெப்ஸ்டர் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். எகிப்தியக் கோயில் வாசல் போல ஒரு பெரிய வாயில். பல்கலைக்கழகத்தைப் பார்த்த முன்பக்கத்தில் இரும்பு வேலி. உள்ளே இருக்கும் மரங்களும் நினைவுக் கற்களும் தெருவிலிருந்தே தெரியும். மற்ற பக்கங்களில் உயரமான கல்சுவர். டிக்ஸ்வெல் பகுதியில் குடியிருப்பவர்களுக்குக் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். ஒரே கல்லறைக்கு இரண்டு முகம். நான் இந்த ஊரைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது அந்தச் சுவரைச் சுற்றி நடந்த பிறகு.

சுவரைத் தாண்டி வடக்கே போகப் போக வீடுகள் மாறும். இங்கே பெரும்பாலும் மர வீடுகள்; இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் மேலும் கீழுமாக இருக்கக் கட்டியவை. ஒவ்வொரு மாடிக்கும் முன்னால் ஒரு திண்ணை போன்ற போர்ச். நூறு வருஷத்துக்கு முன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள். நல்ல நிலையில் இருப்பவை அவ்வளவு அழகு: வண்ணமடித்த தூண்கள், பூத்தொட்டி, ஆடும் நாற்காலி. அதற்கு அடுத்த வீட்டில் ஜன்னல்களுக்குப் பிளைவுட் பலகை அடித்திருக்கும். அதற்கு அடுத்தது காலிமனை. இடித்த வீட்டின் படிக்கட்டு மட்டும் புல்லுக்கு நடுவில் நிற்கும். பிறகு முடிதிருத்தும் கடை, ஒரு காலத்தில் மளிகைக்கடையாக இருந்து இப்போது தேவாலயமாகிவிட்ட கட்டடம், மதுக்கடை, சில்லறைச் சாமான்கள் விற்கும் மூலைக்கடை. காய்கறி வாங்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும்.

நான் போனதெல்லாம் பகலில். குழந்தை இருந்ததால் எல்லாரும் பேசினார்கள். போர்ச்சில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண்கள் கையசைத்து, குழந்தைக்குத் தொப்பி போடச் சொன்னார்கள். பஸ்ஸில் வண்டியை ஏற்ற யாராவது ஒருவர் எழுந்து வந்து முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள். வளாகத்துத் தெருக்களில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போவார்கள். இங்கே எதிரில் வருகிறவர் வணக்கம் சொல்லாமல் கடப்பதில்லை.

இன்னும் வடக்கே போனால் வரும் நியூஹால்வில்லில், விஞ்செஸ்டர் அவென்யூவில் ஒரு பிரம்மாண்டமான செங்கல் கட்டடம் இருக்கிறது. பார்த்த உடனே ஆலை என்று தெரிந்துவிட்டது. வரிசை வரிசையாக உயரமான ஜன்னல், பல தெருக்கள் நீளத்துக்கு. விஞ்செஸ்டர் துப்பாக்கித் தொழிற்சாலை. 1866-ல் தொடங்கிய கம்பெனி. இரண்டு உலகப் போர்களின்போதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வேலை பார்த்தார்கள். அந்த வேலைக்காகத்தான் தெற்கிலிருந்து, அதிலும் கரோலினா மாநிலங்களிலிருந்து, கறுப்பினக் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. வேலை முடிந்து நடந்தே வீட்டுக்கு வரலாம். கடன் வாங்கி ஒரு மூன்று குடும்ப வீடு வாங்கி, கீழ் மாடியில் தாங்கள் இருந்துகொண்டு மேல் மாடிகளை வாடகைக்கு விடலாம். அப்படித்தான் இந்தத் தெருக்கள் வாழ்ந்தன.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். 1979-ல் தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தம், 1981-ல் கைமாற்றம், அதன் பிறகு வருஷத்துக்கு வருஷம் தேய்வு. 2006-ல் கதவைச் சாத்தியபோது உள்ளே இருந்தவர்கள் இருநூறுக்கும் குறைவு. இப்போது அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி உயர்ந்த வாடகைக்கு அடுக்குமாடி வீடுகளாகியிருக்கிறது. சுற்றிலும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள், அலுவலகங்கள். காலையில் அங்கே வேலைக்கு வரும் கார்கள் நியூஹால்வில் தெருக்கள் வழியாக உள்ளே நுழைந்து, மாலையில் அதே வழியாக வெளியே போய்விடுகின்றன.

பெரம்பூர்க்காரிக்கு இது புதிதல்ல. பி அண்டு சி மில் 1996-ல் மூடியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் தெருவில் மில் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்தவர்கள் இருந்தார்கள். சங்கு நின்ற பிறகு என்ன நடந்தது என்பது எனக்கு நேரில் தெரியும். ஒரே வருஷத்தில் எதுவும் இடிந்து விழவில்லை. முதலில் வெள்ளையடிப்பது நின்றது. பிறகு ட்யூஷன் நின்றது. பெரிய பையன்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். போக முடியாதவர்கள் தெருமுனையில் நின்றார்கள். வெளியாட்கள் அந்தத் தெருமுனையைப் பார்த்துதான் எங்கள் ஏரியாவைப் பற்றிப் பேசினார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு அந்தப் பையன்கள் ஒவ்வொருவரும் இன்னார் வீட்டுப் பிள்ளை. அதனால்தான் நியூஹால்வில்லைப் பற்றி யாராவது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஆனால் ஆலை மூடியது மட்டும் காரணம் என்று விட்டுவிட முடியாது. இந்த ஊரில் பாழாய்ப்போன இடங்களில் பெரும்பாலானவை தானாகப் பாழாகவில்லை. யாரோ திட்டம் போட்டு, கையெழுத்திட்டு, பணம் ஒதுக்கிச் செய்தவை. இதுதான் என்னை மிகவும் உலுக்கியது.

ரிச்சர்ட் லீ என்று ஒரு மேயர். 1954 முதல் 1970 வரை பதவியில் இருந்தார். அவர் காலத்தில் நியூ ஹேவனை அமெரிக்காவின் முன்மாதிரி நகரம் என்றே அழைத்தார்கள். ஏழைகள் இருந்த நெருக்கடியான பகுதிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு மத்திய அரசு கொடுத்த பணத்தில், தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் நாட்டிலேயே அதிகம் வாங்கிய ஊர் இது. அந்தப் பணத்தில் முதலில் இடித்தது ஓக் தெருவை. இத்தாலியர்களும் யூதர்களும் கறுப்பின மக்களும் கலந்து வாழ்ந்த இடம். வீடும் கடையுமாக நெருக்கமாக இருந்த இடம். 1950-களின் கடைசியில் அதைத் தரைமட்டமாக்கி, நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் கார்கள் விரைந்து வர ஒரு அகலச் சாலை போட்டார்கள். சாலை மேற்கே இன்னும் தூரம் போவதாக இருந்தது. அதற்காக அந்தப் பக்கத்து வீடுகளையும் எடுத்தார்கள். சாலை போகவே இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து நின்றுவிட்டது. வீடுகள் இருந்த இடம் பல பத்தாண்டுகள் கார் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. ஹில் பகுதியில் இருப்பவர்கள் ஊரின் மையத்துக்கு நடந்து வர இந்தப் பள்ளத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சாலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, மறுபடி தெருவாக்குகிறார்கள். போட்டதற்கும் பணம், எடுப்பதற்கும் பணம். அங்கிருந்து போனவர்களைத் திரும்பக் கூட்டி வர யாரிடமும் திட்டமில்லை.

1967 ஆகஸ்டில் இந்த முன்மாதிரி நகரத்தில் கலவரம் வெடித்தது. வெளியூர்ப் பத்திரிகைகளுக்கு ஆச்சரியம். இடிபட்ட வீடுகளின் எண்ணிக்கையைத் தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

நியூயார்க்கிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இறங்குவது யூனியன் ஸ்டேஷனில். நான் வந்த அன்று வாசலுக்கு வந்தபோது எதிரே பார்த்தது ஒரு பெரிய வெற்றிடம். ஏன் இப்படி ஒரு முக்கியமான இடத்தைச் சும்மா போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் படித்தேன். அங்கே சர்ச் ஸ்ட்ரீட் சவுத் என்ற குடியிருப்பு இருந்தது. 1960-களின் இறுதியில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்காகக் கட்டிய 301 வீடுகள். வடிவமைத்தவர் சார்ல்ஸ் மூர், அப்போது யேல் கட்டடக்கலைப் பள்ளியின் தலைவர். இத்தாலிய ஊர்களின் சதுக்கங்களை மனத்தில் வைத்து, வண்ணங்களோடு வரைந்தார். ஆனால் கட்டும்போது செலவைக் குறைத்தார்கள். பிறகு பராமரிப்பும் குறைந்தது. கூரை ஒழுகியது. சுவரில் பூஞ்சை படர்ந்தது. குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு. தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். அதற்குள் அந்த வீடுகளைச் சரிசெய்யவே முடியாது என்று ஆகிவிட்டது. 2015-லிருந்து குடும்பங்களை வேறு இடங்களுக்கு அனுப்பி, 2018-ல் இடித்தார்கள்.

அதே சார்ல்ஸ் மூர் 1967-ல் இன்னொரு காரியமும் தொடங்கினார். கட்டடக்கலை முதலாண்டு மாணவர்கள் வெறுமனே தாளில் வரையாமல், தாங்களே சேர்ந்து நிஜமாக ஒரு கட்டடம் கட்ட வேண்டும் என்ற திட்டம். 1989-லிருந்து அந்த மாணவர்கள் நியூ ஹேவனிலேயே, வசதி குறைந்தவர்களுக்காக வருஷத்துக்கு ஒரு வீடு கட்டுகிறார்கள். ஹில் பகுதியிலும் மற்ற இடங்களிலும் அந்த வீடுகளைப் பார்க்கலாம். பக்கத்து வீடுகளோடு ஒட்டியும் ஒட்டாமலும், ஜன்னல்கள் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக. 301 வீடுகளுக்குப் பதிலாக வருஷத்துக்கு ஒன்று. ஒருவருடைய நல்லெண்ணம் எவ்வளவு தூரம் போகும், பராமரிக்கப் பணம் ஒதுக்காவிட்டால் அது எங்கே நின்றுவிடும் என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

இன்னும் பின்னால் போகலாம். 1831-ல் சிமியன் ஜாஸ்லின் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார், கறுப்பின இளைஞர்களுக்காக ஒரு கல்லூரி தொடங்க வேண்டும், அதற்கு நியூ ஹேவன்தான் சரியான இடம் என்று ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். நாட்டில் அப்படி ஒரு கல்லூரி அப்போது எங்கும் இல்லை. கல்விக்குப் பெயர்போன ஊர், கடல் துறைமுகம், தாராள மனசுள்ளவர்கள் இருக்கும் இடம் என்பது அவர் கணக்கு. ஊர்க்கூட்டம் கூட்டி வாக்கெடுத்தார்கள். எதிராக 700. ஆதரவாக 4. அதோடு முடிந்தது. அதே ஜாஸ்லின் ஹில் பகுதியில் டிரோபிரிட்ஜ் சதுக்கத்தைச் சுற்றி, கறுப்பினத் தொழிலாளர்களும் மற்றவர்களும் கலந்து வாழ ஒரு குட்டிக் குடியிருப்பை வகுத்தார். அந்தச் சதுக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டினேன். அந்த நாலு பேர் யாராக இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே.

டிக்ஸ்வெல் வெறும் இழப்பின் இடமும் அல்ல. அங்கே இருக்கும் காங்கிரிகேஷனல் தேவாலயத்தின் வேர் 1820-க்குப் போகிறது. கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தொடங்கிய சபை. அமெரிக்காவில் மத்திய நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி நியூ ஹேவனில் 1921-ல் பிறந்தவர். டிக்ஸ்வெல் சமூகக் கூடம் 1924-ல் தொடங்கியது. இங்கே எல்லாரும் அதைக் கியூ ஹவுஸ் என்பார்கள். நடனம், கூடைப்பந்து, பியானோ, வீட்டுப்பாடம் எல்லாம் அங்கேதான். பணமில்லாமல் 2003-ல் மூடிவிட்டார்கள். பேசிப் பேசி, கூட்டம் போட்டு, நிதி கேட்டு, பல வருஷம் கழித்து அந்த மக்கள் அதைப் புதிய கட்டடமாகத் திரும்ப வாங்கினார்கள். இப்போது ஸ்டெட்சன் கிளை நூலகமும் அதற்குள் இருக்கிறது. என் மகள் இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டது அந்த நூலகத்தின் கம்பளத்தில் உட்கார்ந்துதான்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிவு முடியாது. அமெரிக்காவில் ஊருக்கு வருமானம் வருவது பெரும்பாலும் வீட்டு வரி, நில வரியில். பள்ளிக்கூடம், குப்பை, தீயணைப்பு எல்லாம் அதிலிருந்து. நியூ ஹேவனில் உள்ள சொத்து மதிப்பில் பாதிக்கும் மேல் வரி கட்ட வேண்டாத சொத்து: பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, தேவாலயங்கள், அரசுக் கட்டடங்கள். யேலுக்கு இந்த விலக்கு 1745-ஆம் ஆண்டுச் சாசனத்திலிருந்து வருகிறது. அதன் அறக்கட்டளை நிதி இப்போது 4,000 கோடி டாலருக்கும் மேல். ஊரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. ஊருக்குத் தன் விருப்பத்தின் பேரில் கொடுக்கும் தொகையைக் கூட்டி, ஆறு வருஷத்தில் மொத்தம் 13.5 கோடி டாலர் கொடுப்பதாக 2021-ல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. உள்ளூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் 2010-லிருந்து உதவுகிறது. இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் அந்த 2021 ஒப்பந்தம் சும்மா வரவில்லை. தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் டிக்ஸ்வெல், நியூஹால்வில் மக்களும் பல வருஷம் தெருவில் நின்று கேட்டார்கள். வரி என்றால் சட்டம். விருப்பத்தின் பேரில் என்றால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அந்த வித்தியாசத்தின் பாரத்தை டிக்ஸ்வெல்லில் வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸும் தன் வீட்டு வரியில் சுமக்கிறார்.

இந்தப் பணக்கணக்கில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு. எலைஹு யேல் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக 1687 முதல் 1692 வரை இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத் திருமணப் பதிவேட்டில் முதல் திருமணம் அவருடையது. ஊழல் குற்றச்சாட்டில் பதவி போனது, சொத்து போகவில்லை. 1718-ல் அவர் இந்தச் சின்னக் கல்லூரிக்கு அனுப்பியது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம். சரக்கை விற்றுக் கிடைத்த பணம் சுமார் 562 பவுண்டு. அதற்கு நன்றியாகத்தான் இந்தப் பெயர். குழந்தையாகவே இறந்துபோன அவருடைய மகனின் கல்லறை, நான் அங்கே இருந்த காலத்தில் நம் உயர் நீதிமன்ற வளாகத்தில் நின்றது. பாரிமுனையில் பஸ் மாறும்போதெல்லாம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவர் காலத்துக் கோட்டையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. நம் கரையில் பிடிக்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். தன் ஆரம்பகாலத் தலைவர்களுக்கும் கொடையாளர்களுக்கும் அடிமை முறையோடு இருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது. சோழமண்டலக் கரையில் சேர்த்த செல்வத்தின் பெயரைத் தாங்கிய வளாகம் இது. அதன் சுவருக்கு அடுத்து இருக்கும் தெருவை நம்மவர்கள் அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை.

இதே ஊரின் இன்னொரு பகுதியான ஃபேர் ஹேவனைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அங்கே கதை வேறு. கிராண்ட் அவென்யூ முழுக்க ஸ்பானிஷ் பேச்சு, மெக்சிகோ ரொட்டிக்கடை, எக்வடார் சாப்பாடு. கட்டடங்கள் பழசு, கடைகளில் கூட்டம். ஆவணமில்லாத குடியேறிகளும் வங்கிக் கணக்கு தொடங்கவும் நூலகம் போகவும் 2007-லேயே நகரசபை ஒரு அடையாள அட்டை கொடுத்தது. நாட்டிலேயே முதல் ஊர். அங்கே தனியாகப் போகத்தான் எனக்கு ஆசை. ஒரு நாள் முழுக்கத் தின்று திரியலாம்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2011-ல் இந்தச் சின்ன ஊரில் 34 கொலைகள். பிறகு குறைந்தது, மறுபடி ஏறியது, இறங்கியது. இரவில் கேட்கும் சத்தம் பட்டாசா துப்பாக்கியா என்று இங்கே எல்லாருக்கும் ஒரு நொடி யோசனை வரும். ஆனால் சாகிறவர்கள் யார்? பெரும்பாலும் அந்தத் தெருக்களின் இளைஞர்கள். வளாகத்திலிருந்து பயப்படும் நாம் அந்தக் கணக்கில் மிக அரிதாகவே வருகிறோம். நமக்கு நீல விளக்குப் போன் இருக்கிறது, இரவில் வீட்டு வாசலில் இறக்கிவிடும் வண்டி இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்கென்றே போலீஸ் இருக்கிறது. நியூஹால்வில்லில் ஒரு தாய்க்கு இவை எதுவும் இல்லை. நம்மைவிட அவருக்குத்தான் பயப்படக் காரணம் அதிகம். அந்த ஏரியாவைப் பற்றி நாம் பேசும் பேச்சில் அவர் வருவதே இல்லை.

அப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் சேர்ந்து வெஸ்ட் ராக் அடிவாரத்தில், வேலி தெருவில், ஒரு தோட்டம் அமைத்திருக்கிறார்கள். 2021-ல் திறந்தது. நடைபாதையில் செங்கல் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் துப்பாக்கிக்குப் பலியான ஒருவரின் பெயர், வயது. பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு என்று படித்துக்கொண்டே நடக்க வேண்டும். என்னால் பாதியில் நின்றுவிட்டுத்தான் தொடர முடிந்தது. அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துப் பகுதியில் அரசுக் குடியிருப்புகள் உண்டு. அவற்றுக்கும் அடுத்த ஊரான ஹாம்டனுக்கும் நடுவில் பத்தடி உயரக் கம்பிவேலி ஒன்று அரை நூற்றாண்டாக நின்றது. குற்றம் உள்ளே வந்துவிடும் என்று ஹாம்டன்காரர்கள் போட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் கடைகளுக்குப் போக இந்தப் பக்கத்து மக்கள் ஊரைச் சுற்றி, பஸ் மாறிப் போனார்கள். 2014-ல்தான் எடுத்தார்கள். எடுத்ததால் ஹாம்டனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

கால்வாய்ப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1820-களில் வெட்டிய கால்வாய், பிறகு ரயில் பாதையாகி, இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தார்ப் பாதை. யேலின் புதிய மாணவர் விடுதிகளை ஒட்டிச் சென்று, பழைய ஆலையைத் தாண்டி, நியூஹால்வில்லின் நடுவே ஓடி ஹாம்டன் போகிறது. அந்த விடுதிகளில் ஒன்றுக்கு, யேலில் சட்டம் படித்த கறுப்பினப் போராளி பாலி மரேயின் பெயர். பாதை நியூஹால்வில்லில் ஷெல்டன் அவென்யூவைக் கடக்கும் இடத்தில் ஒரு காலிமனை இருந்தது. போதைப்பொருள் விற்கும் இடம் என்று பெயர் கெட்டுப்போயிருந்தது. சேற்றுக்குழி என்றே அழைத்தார்கள். அங்குள்ள பெண்களும் பெரியவர்களும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து, செடி வைத்து, பிள்ளைகள் சைக்கிள் பழகவும் புத்தகம் எடுத்துப் படிக்கவும் ஓர் இடமாக மாற்றிவிட்டார்கள். நான் போனபோது ஒரு பெரியவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஞ்செஸ்டரில் வேலை பார்த்தவர். “இந்த மண்ணைப் பார்க்கிறாயா, இதில் ஒன்றும் வராது என்றார்கள்” என்று சொல்லிக் கத்தரிச் செடியைக் காட்டினார். கத்தரிக்காயை நாங்கள் எப்படிச் சமைப்போம் என்று கேட்டார். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்முறையை வாசலில் நின்றே சொன்னேன். அடுத்த முறை ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரம் அதிகம் என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

இப்போது புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: அக்கா, எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்? ஏரியாவின் பெயரை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வாடகைக்கு விடுபவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். இங்கே ஒரே உரிமையாளர் பல கம்பெனிப் பெயர்களில் நூற்றுக்கணக்கான வீடுகளை வைத்திருப்பதும் உண்டு, குழாய் உடைந்தால் போனை எடுக்கவும் ஆள் இருக்காது. அதே வீட்டில் கீழ் மாடியில் உரிமையாளரே குடியிருந்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். நியூஹால்வில்லில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் ஒரு முறை, வேலை விடும் நேரத்தில் ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து, பக்கத்து வீட்டுப் போர்ச்சில் இருப்பவரோடு பேசுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் உரிகிறதா என்று பாருங்கள். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அது குழந்தையின் மூளையைப் பாதிக்கும். அதைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் சட்டப்படியான கடமை. அந்தப் படிவம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஸ்டெட்சன் நூலகத்தில் ஒரு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.